தோல் வழியே தெரிந்த மூச்சு

அந்த வருடம் மிளகாய்ப் பழம் எடுக்கிற நேரத்தில் எனக்கு இருமல் பிடித்தது. வத்தல் தூசிதான் காரணம் என்று நினைத்து, தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் காலை, கூடையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கார் பிடித்து ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனாராம். எனக்கு நினைவிருப்பதெல்லாம் கார் ஜன்னலில் ஓடிய கருவேல மரங்கள்தான். தண்ணீருக்குள் நிற்பவைபோல அவை மெல்ல அசைந்துகொண்டிருந்தன.

நிமோனியா என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தார்கள். முகத்தை இறுக்கிப் பிடித்த ஒரு மாஸ்க், காற்றை உள்ளே தள்ளியபடி இருந்தது. விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் கிளிப்பை மாட்டினார்கள். என் விரல்களோ சில்லிட்டுக் கிடந்தன. கிளிப்புக்கு ஒன்றும் பிடிபடாமல் மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. அதனால் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஊசி ஒவ்வொரு முறையும் உயிரை எடுத்தது.

பிறகு ஒரு சிஸ்டர் வந்தாள். ராமேஸ்வரத்தில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். என் காறை எலும்புக்குக் கீழே, ஒயரால் ஒரு மெஷினோடு இணைத்திருந்த வட்டமான ஒரு வில்லையை ஒட்டினாள்.

"அக்கா, ஒடம்புல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு இது தோலு வழியாவே காட்டும். சும்மா சும்மா குத்த வேண்டாம். லேசாச் சுடும், பயப்படாதீக."

சுடவில்லை. வெயிலில் கிடந்த கூழாங்கல்லை நெஞ்சில் வைத்ததுபோல ஒரு இளஞ்சூடு. அந்தக் குளிரறையில் எனக்கென்று இருந்த வெயில் அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டே தூங்கினேன், விழித்தேன், மறுபடி தூங்கினேன். எது தூக்கம், எது விழிப்பு என்று பிரிக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். என் நெஞ்சில் அங்கங்கே சிவப்பு வட்டங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தாயி இது? எம் பொண்டாட்டிக்குச் சூடு வச்சிருக்கீக?"

சிஸ்டர் சிரித்துவிட்டாள். "சூடு இல்லண்ணே. வில்லைய ஒரே எடத்துல வச்சிருந்தா தோலு வெந்துரும். அதான் அப்பப்ப எடம் மாத்தி ஒட்டுறோம். தன்னால மறைஞ்சிரும்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து ஒவ்வொரு வட்டத்தின் மேலும் மெதுவாக ஊதினார். நாலு பேர் முன்னால் என் பக்கத்தில் உட்காரக்கூட யோசிக்கிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. மாஸ்க்குக்குள் சிரிக்க முடியவில்லை.

அவர் வெளியே போன அந்த மத்தியானம்தான் அது நடந்தது.

நான் கடலுக்குள் நடந்துகொண்டிருந்தேன். தனுஷ்கோடிப் பக்கம் இருப்பதுபோல முழங்காலளவுத் தண்ணீர், அடிமணல் தெரியும் தெளிவு. அதன் மேல் கண்ணுக்கு எட்டிய மட்டும் எங்கள் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பழம்கூட நனையவில்லை. காலால் கிளறிவிட்டபடியே போனேன். நெடி இல்லை, இருமல் இல்லை. மூச்சு விட வேண்டிய வேலையே இல்லை. முகத்தில் ஏதோ சிலந்தி வலை ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து எறிந்தேன். அப்படி ஒரு சுகத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் போனால் போதும் என்றிருந்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

"அக்கா! கண்ணத் திறங்க! மூச்ச இழுங்க, நல்லா இழுங்க!"

சிஸ்டர்தான். நான் பிய்த்து எறிந்தது மாஸ்க்கை. கத்தியது நெஞ்சிலிருந்த வில்லையின் மெஷின். எனக்குத் திணறவே இல்லை, வலிக்கவில்லை. ஆனால் உடம்பில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போவதை என் தோல் அதற்குச் சொல்லியிருந்தது. அவள் மாஸ்க்கை மாட்டி இறுக்கினாள். முதல் மூச்சு முள்ளாகக் குத்தியது. அந்தப் பெண்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது; அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "திட்டணும்னா நல்லா வஞ்சுக்கிருங்கக்கா, பரவாயில்ல. மூச்ச மட்டும் விட்றாதீக," என்றாள்.

அதன் பிறகு மெல்லத் தேறினேன். சாதா வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். ஒரு சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அந்தக் கடலைப் பற்றிச் சொன்னேன். ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டார்.

"அங்கன நல்லா இருந்துச்சாக்கும்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

"அப்பவும் திரும்பி வந்துட்டியே."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நானா வரலைங்க. அந்தப் புள்ள உலுக்குனா, வந்தேன்."

சுளையில் ஒட்டியிருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் எடுத்து முடித்த பிறகும், என்னிடம் நீட்ட மறந்து, அதைக் கையிலேயே வைத்திருந்தார்.