கடதாசி வீரர்களும் பக்கத்து வளவு ஆடும்

எனக்குச் சுன்னத்து வைக்க நாள் பார்த்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்முனைக் கடைத்தெருவில் கொமினிகேஷன் கடையொன்றில் வேலை செய்த என் சின்ன மாமா, இன்டர்நெட்டிலிருந்து நிறம் தீட்டும் படங்களை அச்செடுத்துத் தரவேண்டும். சும்மா படங்கள் அல்ல; டிவியில் பின்னேரம் வரும் ஜப்பான் கார்ட்டூன் வீரர்கள். இப்போது என் பிள்ளைகள் அனிமே என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். முள்ளுப்போல நிற்கும் தலைமயிர், முகத்தில் பாதிக்குக் கண், ஆளைவிட நீளமான வாள். கடதாசியில் கோடு மட்டும்தான் வரும். நிறத்தை நாங்கள் போடவேண்டும்.

மாமா ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"அழாம இருந்தா ஒரு கட்டுத் தாறன். சத்தம் வந்திச்சோ, ஒரு கடதாசியும் இல்ல."

நான் ஓம் என்றேன். அதோடு நிற்காமல், அழமாட்டேன் என்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லியும் வைத்தேன். போன வருடம் தனக்குச் சுன்னத்து வைத்தபோது அழவேயில்லை என்று பெருமையடித்துத் திரிந்த என் மச்சான், "பாப்பம்" என்று மட்டும் சொன்னான்.

அது மார்கழி விடுமுறை, மாரி மழை. முன்னறையில் ஆண்கள் கூடி நபியின் மேல் ஸலவாத்துச் சொன்னார்கள். பிள்ளையின் சத்தம் வெளியே கேட்காதிருக்க அந்த நேரம் சீனவெடி கொளுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். வெடிக்குப் பொறுப்பு மாமா. சுன்னத்து வைக்கும் ஒஸ்தா பிஸ்மி சொன்னதும் வெடி தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது. மீதி மழையீரத்தில் நமுத்துப் போயிருந்ததாம். வெடிக்கு என்ன நடந்தது என்று ஸலவாத்துச் சொன்னவர்களும் ஒரு கணம் வாயை மூடினார்கள். சரியாக அந்தக் கணத்தில்தான் ஒரு நீண்ட கத்தல் எழும்பி, கூரையைத் தாண்டி, வேலியைத் தாண்டிப் போனது.

என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். புண்ணில் துணி படாமலிருக்க மேலே கூரை வளையிலிருந்து கயிறு கட்டி, ஒரு வெள்ளைச் சாரனைக் கூடாரம்போல என் இடுப்புக்கு மேல் தூக்கி விட்டிருந்தார்கள். மாமா வந்தார். உடுப்பெல்லாம் நனைந்து, கையில் எரியாத வெடிக்கட்டு. நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலியைவிட, கைவிட்டுப் போன படங்கள்தான் பெரிதாகத் தெரிந்தன.

"படம் இல்லத்தானே மாமா" என்றேன்.

"ஏன் இல்ல?"

"நான் கத்திட்டன்."

மாமா வெடிக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயா? நீ வாயத்தான் தொறந்தாய். கத்தினது பக்கத்து வளவு ஆடு. வெடிக்கு வெருண்டு போய்க் கத்தினது."

நான் உம்மாவைப் பார்த்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓம் மனே, ஆடுதான் என்றா. எவ்வளவு அரியண்டமான குரல் அந்த ஆட்டுக்கு என்று என் அக்கா, ராத்தாவும் சேர்ந்துகொண்டா. மச்சான் வாயைத் திறந்தான். மாமா பார்த்த பார்வையில் மூடிவிட்டான். கடைசியில் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா விளையாட்டுக்கும் பொய் சொல்லாதவர். தஸ்பீஹ் மணியை உருட்டியபடி கொஞ்சம் யோசித்தார்.

"ஆடெண்டா கத்தத்தானே செய்யும், மகன்."

வாப்பாவே சொல்லிவிட்டார். அதற்குமேல் எனக்கு என்ன சந்தேகம்.

அன்று பின்னேரமே படக்கட்டு வந்தது. மல்லாந்து கிடந்தபடி, நெஞ்சில் ஒரு பலகையை நிறுத்தி வைத்துத் தீட்டினேன். நீலத் தலைமயிர், சிவப்புத் தலைமயிர், பச்சை. உம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து விட ஒருத்தருமில்லையா என்று கவலைப்பட்டா. தீட்டியதைச் சோற்றுப்பசையால் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒட்டினோம். வெட்டும் வேலை ராத்தாவுக்கு. கத்தரிக்கோலின் சத்தம் கேட்டாலே என் கால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டதால், அவ குசினிக்குள் போயிருந்து வெட்டிக்கொண்டு வருவா. பின்னால் தென்னை ஈர்க்கு வைத்துக் கட்டினால் வீரன் தயார். மேலே தூக்கிய சாரனின் விளிம்பில் அவர்களை ஏற்றி இறக்கினேன்; கால்மாட்டில் நின்று பிள்ளைகள் பார்த்தார்கள். வெட்கத்துக்குக் கட்டிய சாரன் எனக்கு மேடையாகிப் போனது.

வாப்பா அந்த அறையில்தான் தொழுவார். படம் விரிந்து கிடக்கிற இடத்துக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்பதால், ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் வீரர்களை வாள் மடியாமல் எடுத்து பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார். ஸலாம் கொடுத்து எழும்பியதும் டின்னைத் தம் கையாலேயே கொண்டுவந்து என்னிடம் தருவார்.

என் கதைக்கு ஆடு தேவைப்பட்டது. ஜப்பான் படங்களில் ஆடு இல்லை, நானே வரைந்தேன். எனக்குத் தெரிந்த வரைதல் அதுதான் என்பதால் ஆட்டுக்கும் முகத்தில் பாதிக்குக் கண், முள்ளுத் தலைமயிர். நிறம் சரியாக இருக்கவேண்டுமே என்று மாமாவைக் கேட்டேன். மண்ணிறம் என்றார். என்னைப் பார்க்க முட்டையும் சீனியும் கொண்டுவந்த பக்கத்து வளவு மாமியையும் கேட்டேன்.

"எங்கட ஆடா?" மாமி உம்மாவைப் பார்த்தா. "கறுப்பு மனே. நல்ல கறுப்பு."

இரண்டு பேரும் பெரியவர்கள், பொய் சொல்லமாட்டார்கள். ஆகவே முன்பாதியை மண்ணிறமாகவும் பின்பாதியைக் கறுப்பாகவும் தீட்டினேன்.

மாமி இருந்து கதையைப் பார்த்தா. வீரர்கள் சத்தம் போடாமல் பதுங்கிப் போகிறார்கள். ஆடு பயத்தில் கத்திவிடுகிறது. எதிரிகள் விழித்து, பெரிய சண்டை. வென்ற பிறகு எல்லா வீரர்களும் ஆட்டைச் சுற்றி நிற்கிறார்கள். அடிப்பார்கள் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். என் நீலத்தலை வீரன் சொன்னான்: "நீ சின்ன ஆடுதானே. பயத்தில கத்திட்டாய். பரவாயில்ல, யாருக்கும் சொல்லமாட்டம்."

மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. உம்மா எழும்பிக் குசினிக்குள் போயிட்டா. கதை அவ்வளவு நல்லாயிருக்கிறது என்று நினைத்து, அதையே திரும்பவும் முதலிலிருந்து காட்டினேன்.

அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறியது. தலைக்குத் தண்ணி ஊற்றினார்கள். காலை அகட்டி அகட்டி நடந்து நான் முதலில் போன இடம் பக்கத்து வளவு. கையில், எங்கள் மரத்தில் ராத்தா முறித்துத் தந்த ஒரு கட்டு முருங்கை இலை. அந்த ஆடு எனக்காகப் பட்ட பழி கொஞ்சமா. வளவைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கோழியும் துணி காயும் கொடியும் இருந்தன.

"மேயப் போயிருக்கு மனே" என்று மாமி இலையை இரண்டு கையாலும் வாங்கினா. "தா, வந்தவுடனே குடுக்கிறன்."

அன்று பகல் மாமி வீட்டிலிருந்து மூடிய கோப்பையில் முருங்கை இலைச் சுண்டல் வந்தது. தேங்காய்ப்பூ கூடப் போட்டு, நல்ல ருசி. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். ஆட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பாவா என்ற ஒரு கவலை மட்டும் இருந்தது.