சின்னம்மாவின் டேலியாக் கிழங்குகள்

உறைபனி விழுந்த மறுநாள் கறுத்துப்போன டேலியாத் தண்டை வெட்டினால், ஆறிப்போன கீரையும் ஈரமண்ணும் சேர்ந்தாற்போல ஒரு கசப்பு வாடை எழும்பும். நகரின் ஓரத்திலிருந்த எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டுப் பின்வளவில் அந்த வாடை வந்தால், அம்மாவின் தங்கையான சின்னம்மா மண் கிண்டும் 'சவள்' எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார் என்று அர்த்தம். எங்களோடேயே இருந்து, ஒரு 'கார்டெரி'யில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குப் போய்வந்த அவர், கோடை முழுவதும் என் முகமளவு பூக்களை வளர்த்து ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குக் கொண்டுபோவார். பனி தொட்டதும், 'வற்றாளங்கிழங்கு'க் கொத்துப் போலிருக்கும் கிழங்குகளைக் கிண்டி, மண் உதறி, காயவைத்து, பழைய பேப்பரில் சுற்றிப் பேஸ்மென்டில் அடுக்குவார். நிலத்தில் விட்டால் உறைந்து அழுகிப்போகும். வீட்டுக்குள் வைத்தால் மே மாதத்தில் மறுபடி முளைக்கும்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது, அந்த இலையுதிர்காலத்தில் சின்னம்மா இல்லை. பள்ளியால் வந்து பார்த்தால் அவருடைய கட்டிலில் விரிப்பில்லை. "போட்டா," என்றார் அம்மா. எங்கே என்று கேட்டால் "பேந்து சொல்லுறன்". வேலையிடத்தில் பழகிய ஹெயிட்டிக்காரர் ஒருவரைக் கோயிலில்கூட வைக்காமல் கலியாணம் முடித்துக்கொண்டு நகரின் மறுகோடியிலுள்ள செயின்ட்-மிஷேலுக்குப் போய்விட்டார் என்பதையெல்லாம் பின்னாளில்தான் துண்டு துண்டாகப் பொறுக்கினேன். அன்று நான் அறிந்தது, அவர் பெயரைச் சொன்னால் சாப்பாட்டு மேசை ஊமையாகிவிடும் என்பது மட்டும்தான். செத்துப்போனாரோ என்றுகூட யோசித்தேன். ஆனால் செத்தவர்களுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார்களே, ஒருவரும் கொடுக்கவில்லையே என்று குழம்பினேன்.

பனி விழுந்த காலை அம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுகளை ஒருத்தரும் தொடவேண்டாம். கிடந்து அழுகட்டும்."

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். ஒரு செடியின் பெயரும் தெரியாத மனிதர் அவர். மத்தியானம் மழைத் தூறலில், வேலைக்குப் போடும் ஜாக்கெட்டோடு இறங்கிக் கிண்டத் தொடங்கினார். பழக்கமில்லாததால் சவள் பல கிழங்குகளை வெட்டிப்போட்டது.

"அப்பா, அம்மா வேண்டாமெண்டவ."

"ஓம். கேட்டது. பெட்டியைப் பிடி."

'டெப்பனர்' கடையில் கேட்டு வாங்கிய வாழைப்பழப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் யன்னலைப் பார்த்தேன். அம்மா அங்கேதான் நின்றார். வெளியே வரவுமில்லை, கத்தவுமில்லை. யார் யாரோடு கோபம் என்று எனக்கு விளங்கவேயில்லை. கிழங்குகளைப் பேப்பரில் சுற்றிப் பேஸ்மென்டில் வைத்துவிட்டு, "அம்மாவோட இதைப் பற்றிக் கதைக்காதை" என்றார் அப்பா.

பனிப்புயலுக்குப் பள்ளி பூட்டிய ஒரு நாள், விளையாட்டுச் சாமான் எடுக்கக் கீழே போனால், அம்மா அந்தப் பெட்டியின் முன் நிலத்தில் இருந்தார். ஒவ்வொன்றாகப் பேப்பரைப் பிரித்து, அழுகியதை ஒதுக்கி, சுருங்கியதற்கு அயன்பெட்டியால் உடுப்பு மினுக்க முன் தெளிப்பது போல விரலால் தண்ணீர் தெளித்து, மறுபடி சுற்றிவைத்தார். வாய் மட்டும் "மடைச்சி, மடைச்சி" என்று முணுமுணுத்தது. கிழங்கையா திட்டுகிறார்?

என்னைக் கண்டதும், "என்ன பார்வை? மேல போ. அப்பாட்டைச் சொல்லாதை," என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவில், ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்லாமல், ஏன் சொல்லக்கூடாது என்றும் தெரியாமல் அந்தப் பனிமாரி முழுவதும் திரிந்தேன்.

மேயில், "வா பிள்ளை, ஓரிடம் போட்டு வருவம்," என்று அப்பா பெட்டியைத் தூக்கினார். வாசலைத் தாண்டும்போது குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: "பெட்டியைச் சரிக்காதேங்கோ. முளை உடைஞ்சிடும்." அப்பா பெட்டியை இரண்டு கையாலும் நேராக்கிப் பிடித்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போய் இறங்கி, ஒரு கதவைத் தட்டினோம். வயிறு தள்ளிய சின்னம்மா திறந்தார். எத்தனையோ சொல்லியிருக்கலாம், அப்பா "கிழங்கு கொண்டந்தனான்" என்று மட்டும் சொன்னார். சின்னம்மா ஒரு பொதியை எடுத்து, பேப்பர் மடித்திருந்த விதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அக்கா சுத்தினது," என்றவர் படியிலேயே குந்தியிருந்து அழத் தொடங்கினார். உள்ளேயிருந்து வந்த உயரமான மனிதர் அவரின் தோளில் கைவைத்துக்கொண்டு, எனக்குப் பிரெஞ்சில் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் "மெர்சி" என்று நன்றி சொன்னேன்.

அன்று வயிற்றிலிருந்த தம்பி இப்போது என்னைவிட உயரம். அம்மாவும் சின்னம்மாவும் பின்னேரம் பின்னேரம் போனில் கதைக்காமல் இருப்பதில்லை. பியர்பொன்ட்ஸ் வீட்டை விற்றாயிற்று. பூப்பாத்திக்கு மேல் தார் போட்டுக் கார் விடுகிறார்கள். சின்னம்மாவுக்கும் முழங்கால் வலி, குனிந்து கிண்டுவதில்லை. வருடா வருடம் கடையில் புதிதாக வாங்கித் தொட்டியில் நடுகிறார்.

போன மாதம் அம்மாவிடம் அந்த மாரியைப் பற்றிக் கேட்டேன். "எனக்கென்ன கோபம்?" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "உன்ர அப்பாதானே அவளோட கதைக்கக்கூடாதெண்டு நிண்டவர்."

அப்பாவிடம் கேட்கலாமென்றால், அவர் இப்போது உயிரோடு இல்லை.