எட்டு ஊசிக்கு ஒரு காப்பு

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சியாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. வாய்க்கு மட்டும் நாற்பது வயது என்பார் என் வீட்டுக்காரர். அவர் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் தொற்றி வயிற்றுப் பிள்ளையையும் கொல்லும் மேகநோய்க்குப் புது ஊசி வந்திருந்தது. பதுளையிலிருந்து வாரம் ஒருமுறை வரும் டாக்டர் ஐயா அந்தக் குப்பியை என்னிடம் காட்டிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். வயிற்றிலேயே செத்துப் பிறக்கும் பிள்ளைகளை ஏந்தி ஏந்திக் கை அலுத்துப்போனவள் நான்.

வாரத்துக்கு ஒன்றாக எட்டு ஊசி. புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் போட வேண்டும். முடியும்வரை இருவரும் விலகிப் படுக்க வேண்டும். இதை நோயாளிகளுக்குப் புரிய வைப்பது என் வேலை. டாக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சொன்னால் கோர்ட்டில் தீர்ப்பு வாசிப்பது மாதிரி இருக்கும். ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டுமே செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்தில் ஒரு பெண் இருந்தாள். கொழுந்து பறிப்பவள், என்னைவிடச் சின்னவள். மூன்று பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. மருமகள் ராசிகெட்டவள் என்று சொல்லி, தை மாதத்தில் மகனுக்கு வேறு பெண் கட்ட மாமியார் பேசி முடித்திருந்தாள். மகனோ இரண்டு ஊசியோடு நின்றுவிட்டான். "புண்ணுதான் ஆறிருச்சேங்க" என்றான். புண்ணே இல்லாத பெண்டாட்டிக்கு எதற்கு ஊசி என்று வேறு கேட்டான். விலகிப் படுக்கும் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். நோய் அவனிடமிருந்து வந்தது, பழி மட்டும் அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடியில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மறுநாள் அந்தப் பெண் காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. புருஷனும் கட்டியிருக்கிறானா என்று கேட்டேன். கட்டியிருக்கிறான், வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்துப் படுக்கிறான் என்றாள்.

"அம்மன் காப்புங்களே. கட்டிட்டா வெலகித்தானே இருக்கணும்."

நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியதை ஒரு முழக் கயிறு ஒரே நாளில் நடத்திவிட்டது! மருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி மற்ற நாளில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுபவர், நிதானமான மனிதர். நோய் தீர வேண்டிக்கொண்டு எந்த மாதத்திலும் காப்புக் கட்டலாம், ஆனால் தான்தான் கட்டிவிட வேண்டும் என்றார். டாக்டர் ஐயா முதலில் சிரித்தார். பிறகு எட்டாவது ஊசி போட்ட கையோடு அவிழ்க்கலாம் என்று அவரே நாள் குறித்துக் கொடுத்தார். திருவிழா முடிந்ததும் ஆறு தம்பதிகளுக்குக் கட்டினோம், அந்தப் பெண்ணும் புருஷனும் அதில் சேர்த்தி. நான் தரையில் நடக்கவில்லை.

அடுத்த ஊசி நாளில் ஆஸ்பத்திரிப் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

திருவிழா இல்லாத நாளில் மஞ்சள் கயிறோடு காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றால் தோட்டமே பார்க்காதா? காப்பு என்றால் மேகநோய் என்று லயம் லயமாகப் பேச்சு. இரண்டு பேர் கத்தியால் அறுத்தே எறிந்துவிட்டார்கள். யாருக்கு என்ன நோய் என்பதை வெளியே விடாமல் காக்க வேண்டியவளே அதை மணிக்கட்டில் கட்டி ஊருக்குக் காட்டியிருக்கிறேன். இதைக்கூட யோசிக்காத என் அவசரப் புத்தியை நினைத்து அழுதேன். ஆஸ்பத்திரியே அடையாளம் வைத்துவிட்டது, இனி தைவரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று மாமியார் சொல்வதாக அந்தப் பெண் ஆளிடம் சொல்லி அனுப்பினாள்.

அழுது முடித்தபோது வழி தெரிந்தது. மறுநாள் விடிகாலை பூசாரியிடம் என் கையை நீட்டினேன். நேராகப் பெரட்டுக் களத்துக்குப் போய், எல்லோரும் பார்க்கக் கையைத் தூக்கிக் காட்டினேன். எனக்கு இருமல், மருந்தைப் பாதியில் விடாமல் குடித்து முடிக்க வேண்டிக்கொண்டேன், இனி ஆஸ்பத்திரியில் எந்த மருந்து வாங்கினாலும் காப்புக் கட்டலாம் என்றேன். முதலில் வந்தவள் பெரிய கங்காணியின் மனைவி. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தாள். எதிலும் என்னைவிடப் பின்தங்க அவளுக்குப் பிடிக்காது. அவள் கட்டினாள் என்றதும் அவள் லயமே கட்டியது. பத்து நாளில் பெரட்டில் பாதிக் கை மஞ்சள். எது இருமல், எது மேகம் என்று யாருக்குத் தெரியும்?

காப்பு என்றால் காப்புத்தானே, மற்றவர்களின் எட்டு ஊசி முடியும்வரை நானும் அவிழ்க்கவில்லை. என் வீட்டுக்காரரும் எட்டு வாரம் வெளித் திண்ணையில் படுத்தார். "ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்வாங்க, இவ வீட்டுலயும் நடத்துறா" என்று ஆபீசில் புலம்பினாராம்.

அந்தப் பெண்ணும் புருஷனும் திரும்பி வந்தார்கள். எட்டு ஊசியும் முடிந்தது. புரட்டாசிக் கடைசியில் கயிற்றை அவிழ்த்து ஓடையில் விட்டார்கள். தை பிறந்தபோது அவளுக்கு மூன்று மாதம். மாமியார் கல்யாணத்தை நிறுத்தவில்லை. இதாவது தங்குகிறதா பார்ப்போம் என்று தள்ளிப்போட்டாள். அந்த மாதங்களில் நான் அந்த லயத்துக்குப் போகாத நாள் குறைவு. ஒவ்வொரு முறையும் வயிற்றில் கை வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அடுத்த ஆடியில், உச்சிப் பொழுதில் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த வேகத்தில் அது போட்ட சத்தத்தோடு நானும் சேர்ந்து கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம்.

குளிப்பாட்டி, இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த மாமியாரின் மடியில் வைத்தேன். நறுக்கென்று நாலு கேள்வி கேட்க ஒரு வருஷமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"எனக்கு அஞ்சு போச்சு, தாயி. ஆறாவதுதான் எம் மவன். என்னையும் ராசிகெட்டவள்னுதான் சொன்னாங்க. அப்ப எங்க கையில யாரும் ஒரு கயிறு கட்டலையே."

அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து மருமகள் பிள்ளையைக் கேட்டாள். மாமியார் எழுந்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.