நடு இறங்கிய மெத்தை

"படம் எப்படி இருந்துச்சு சார்?" என்று யூடியூப் சேனலின் மைக்காரி மைக்கை நீட்டிக் கேட்டாள். தியேட்டர் வாசலில் அவள் எதிரே நின்றவர் அவளுடைய சொந்தச் சித்தப்பா. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நின்றார்கள்.

"பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அவள் மைக்கை அவர் வாயருகிலிருந்து எடுக்கவில்லை.

"ஆனா படத்துல படுத்தே கெடக்குற அந்தப் பொண்ணுக்கு மனசுல ஒரு கோளாறும் இல்லைங்க. மெத்தைல நடு இறங்கிருக்கு."

கேமராக்காரன் சிரிப்பை அடக்கியதில் கேமரா ஆடியது. அவள் அப்போதும் மைக்கை எடுக்கவில்லை.

"முதல் பாட்டுலயே கவனிச்சுட்டேன். புரண்டு படுக்குறப்ப இடுப்பு உள்ள போகுது. அதுல படுத்தா யாருக்கு எந்திரிக்கத் தோணும்? அழுது பாட்டுப் பாடத்தான் தோணும். அப்பன்காரன் டாக்டர் டாக்டரா கூட்டிட்டுப் போறான். டாக்டரும் கூடச் சேர்ந்து ஆடுறாரு. ஒருத்தனாவது மெத்தையத் தூக்கிப் பாத்தானா?"

மைக் இன்னும் அவர் மோவாயருகே இருந்தது. "நம்ம வீட்லயும் ஒரு பொண்ணு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டர் நிற்கும் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார். அந்தக் கடைசி வரி சுவாரசியமில்லை என்று சேனலில் வெட்டிவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடப்பதுதான் அந்தப் படத்தின் கதை. வசனம் குறைவு, எல்லாம் பாட்டு. அன்று வாசலில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். உள்ளேயே திரையைப் பார்த்து, "முதல்ல எந்திரிச்சுப் பல்லு வெளக்கு" என்று சத்தம் போட்ட அம்மாள், வெளியே வந்தும் அதையே சொன்னாள். கணக்கு டியூஷன் வாத்தியார், அத்தனை பாட்டு நேரத்தில் இயற்கணிதத்தையே முடித்திருக்கலாம் என்றார். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் பேச முடியாமல் அழுதார்கள்; குரல் பதிவாகவில்லை என்று கேமராக்காரன் அவர்களை மறுபடி அழச் சொன்னான். ஆனால் ஊர் முழுக்கச் சுற்றியது சித்தப்பாவின் மெத்தைதான்.

அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. செல்போன் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் மெத்தைக் கடை வைத்திருப்பவர். உலகத்தில் பாதி சண்டை தூக்கம் கெடுவதால் வருகிறது, மீதி பாதி தலையணையால் வருகிறது என்று நம்புகிறவர். மகள் பிறந்தபோது, குழந்தையைக் கையில் வாங்குவதற்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலை அமுக்கிப் பார்த்து நர்ஸிடம் குறை சொன்னவர். சித்தி அதை இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

அந்த மகள்தான் லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து படுக்கையே கதியென்று கிடந்தாள். அறைக்குள் அந்தப் படத்தின் பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். சித்தப்பா அவளுக்குத் தென்னை நார் மெத்தை கொண்டு வந்தார். அப்புறம் ஃபோம். அப்புறம் ஸ்பிரிங். ஒவ்வொரு முறையும் அவள் எழுந்து சுவரோரம் நிற்பாள். புதியதைப் போட்டால் இரண்டு நாள் வீட்டுக்குள் நடமாடிவிட்டு மறுபடி ஏறிப் படுத்துக்கொள்வாள். பழையது பிடித்திருந்தால் என்ன செய்வது என்று அவர் எதையும் எடுக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. சித்தி முக்காலியில் ஏறி நின்று டீ கொடுத்தாள். எதுவும் பலிக்காமல்தான், அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்க, யாரிடமும் சொல்லாமல் அவர் படத்துக்குப் போனார்.

வீடியோ பரவியதும் கடைக்குக் கூட்டம் வந்தது. பெற்றோர்கள் வாடிய முகத்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்து, "படுத்துப் பாரு" என்றார்கள். பிள்ளைகள் பிளாஸ்டிக் உறைமேல் ஷூவோடு படுத்தார்கள். ஒரு தகப்பனார், "பரீட்சை வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டார். சித்தப்பா தலைகால் புரியாமல் ஓடி ஓடி ஒவ்வொரு பிள்ளையின் இடுப்புக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தார். இதையும் படம் பிடித்து வரும்படி சேனல் மைக்காரியை அனுப்பியிருந்தது.

விபரீதம் என்னவென்றால், படுத்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. வரிசையாகக் கிடந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். மூலையில் ஒருவன் அந்தப் படத்துப் பாட்டை முணுமுணுத்தான். பக்கத்து மெத்தை சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் கடையே படுத்துக்கொண்டு பாடியது. சுவரோரம் நின்ற பெற்றோர்கள் கைதட்டுவதா திட்டுவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் சித்தப்பாவின் மகள் உள்ளே வந்தாள். சீவாத தலை, நைட்டிமேல் அப்பாவின் சட்டை, கையில் அந்த வீடியோ ஓடும் போன். வீட்டைவிட்டு அவள் வெளியே வந்தே பல வாரம் ஆகியிருந்தது. இன்னொரு பிள்ளை என்று நினைத்த ஒரு அம்மா, "வாம்மா, இது மெத்துனு இருக்கு" என்று தன் மகனைத் தள்ளிப் படுக்கச் சொன்னாள்.

மகள் நேரே அப்பாவிடம் போனாள். "மெத்தைதான் காரணம்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டீங்க. என்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களாப்பா?"

"கேட்டேனேம்மா" என்றார் அவர். "ஸ்பிரிங்கா ஃபோமானு கேட்டேனே."

பாட்டு நின்றுவிட்டது.

மகள் கடைசி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மைக்காரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேமராக்காரனை மைக்காரி கண்ணாலேயே வெளியே அனுப்பினாள். தங்கையிடம் என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதிகம் பேசத் தெரியாததாலேயே அவளுக்கு இந்த வேலையில் நல்ல பெயர். மைக்கை நீட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். இப்போதும் பழக்க தோஷத்தில், அணைத்துவிட்ட மைக்கை நீட்டினாள்.

தங்கை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

"எந்திரிச்சு என்ன பண்றதுன்னே தெரியலக்கா. உடம்பு நல்லாத்தான் இருக்கு. அப்பா ஒவ்வொரு மெத்தையா தூக்கிட்டு வரும்போது பாவமா இருக்கும். அதுக்காக ரெண்டு நாள் நல்லாயிட்ட மாதிரி நடிப்பேன். அதுதான் ரொம்ப அசதி."

தலையணை அடுக்குக்குப் பின்னால் நின்ற சித்தப்பா, "அப்ப அந்த நார் மெத்தை…" என்று தொடங்கினார். மைக்காரி திரும்பாமலே இடது கையைக் காட்டி நிறுத்தினாள். வாசலில் கேள்விக்கு நடுவே குறுக்கே வருகிறவர்களை அவள் அப்படித்தான் நிறுத்துவாள். அவர் நின்றார். இன்னும் இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் ஒரு தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூடிக்கொண்டார். மகள் நிறையப் பேசினாள். பள்ளியைப் பற்றி, ராத்திரிகளைப் பற்றி, முக்காலியில் ஏறி நிற்கும் அம்மாவைப் பற்றி.

"டாக்டர்கிட்டப் போலாம்க்கா" என்று கடைசியில் சொன்னாள். "டான்ஸ் ஆடாத டாக்டரா பாத்து."

படுத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அன்று கடையில் ஒரு தலையணைகூட விற்கவில்லை. கூட்டம் கலைந்ததும், மைக்காரி தன் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா பக்கத்தில் வந்து நின்றார். பையின் அடிப்பக்கத்தை வழக்கம்போல அமுக்கிப் பார்த்தார். ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த மகளை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பா, அந்த மைக்கை ரெண்டு நாளைக்கு எங்கிட்டக் குடுத்துட்டுப் போறியா? ஒயரெல்லாம் வேண்டாம். சும்மா கைல பிடிச்சுக்கத்தான்."