ப்ளேன் பறக்கிற நேரம்

“…அப்போ நீ சொன்னது ப்ளேன் பறக்கிற நேரம். எம்புள்ள வந்து சேர்ற நேரம் இல்ல. அப்டித்தானே?” என்று அக்கா கேட்டாள். அவள் புருஷன் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் பக்கத்துக் காட்டூர்க்காரி. கோட்டைக்குப்பம் என்ற இந்த மீனவர் ஊரில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். கரண்டு பில், ரயில் டிக்கெட், விமான டிக்கெட் எல்லாம் ஊருக்கு என் போனில்தான். அதனால் விடியற்காலையில், நான் அக்கா என்று கூப்பிடுகிறவளின் புருஷன் நெஞ்சுவலியில் போனதும், ஊர்த் தலைவர் எனக்கு ஆள் அனுப்பினார். அவர்களுடைய ஒரே மகன் ஓமான் நாட்டுச் சலாலாவில் மீன் கம்பெனியில் வேலை செய்கிறான். அவன் முகம் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்று அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னாம்மா, எப்போ வந்து சேருவான்?” என்றார் தலைவர்.

கோட்டைக்குப்பத்தில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. அது ஊர்க் கட்டு. இறால் நன்றாகப் படும் சமயம் வேறு.

போனில் தட்டினேன். சலாலாவிலிருந்து மஸ்கட் எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். கூட்டினேன். “அஞ்சரை மணி நேரம்தான் நைனா. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவான்” என்றேன். அத்தனை தூரத்தையும் விரல் நுனியில் எடுத்துக் காட்டியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தக் குப்பத்தில் நேரம் சொல்வதே வேறு மாதிரி. கடலுக்குப் போக எவ்வளவு நேரம் என்று கேட்டால், முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறக் காத்துக் கிடப்பதையும் சேர்த்தே சொல்வார்கள். படகு ஓடும் நேரத்தை மட்டும் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் இது தெரியாது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அவர்கள் என் கணக்கையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். படகுகளை மேட்டில் இழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள்.

மதியத்துக்கு மேல் ஒருவர் என்னைப் பார்த்து, “இன்னா, ப்ளேனு முகத்துவாரத்துல தரை தட்டிக்கிச்சா?” என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

சற்று நேரத்தில் மகன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். சென்னைக்கு அடுத்த விமானம் விடிந்த பிறகுதானாம். வீடு வந்து சேர நாளை மதியம் தாண்டிவிடும். “அதுவரைக்கும் எடுக்காம இருப்பாங்களாக்கா?” என்று என்னைக் கேட்டான். அதே நேரம் வாசலில் ஒரு குரல், “நாளைக்கும் கரையில குந்தினா அடுப்பு எரியுமா? எடுத்துட வேண்டியதுதான்” என்றது. அவன் காதில் விழுந்துவிடுமோ என்று போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

காலையிலேயே நாளைக்குத்தான் வருவான் என்று நான் சொல்லியிருந்தால் ஊர் கூடி ஏதாவது யோசித்திருக்கும். என் வாய் ஒரு நாள் பிழைப்பைத் தின்றுவிட்டது. இப்போது அந்தப் பிள்ளை அப்பன் முகம் பார்ப்பதையும் தின்னப் போகிறது. உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அப்போதுதான் அவள், நான் சொன்னது ப்ளேன் பறக்கிற நேரம்தானே என்று கேட்டாள்.

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிணம் வீட்டில் இருக்கும்போது பெண்டாட்டி வாசல் தாண்டுவதில்லை. அக்கா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, மேட்டில் படகுகளோரம் ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக நடந்தாள். “எங்க வூட்டுக்காரரு கோச்சிக்க மாட்டாரு. நீங்க தொழிலுக்குப் போங்க. எம்புள்ள வந்ததும் எடுக்கலாம்” என்றாள். ஒருவரும் அசையவில்லை. சாவு வீட்டுப் படகே முதலில் இறங்கட்டும் என்று அவள் தன் புருஷனின் படகில் இரண்டு கைகளையும் ஊன்றித் தண்ணீரை நோக்கித் தள்ள ஆரம்பித்தாள்.