கத்தாதவர்களின் படம்

நான் வேலை பார்த்த போத்தனூர் மில்லை ஒரு காலையில் திடீரென்று பூட்டிவிட்டார்கள். பிழைப்பே போன அந்த நேரத்திலும் கேட்டுக்கு வெளியே நின்று, "கொஞ்சம் திறந்துடுங்க சார்" என்றுதான் கேட்டோம். ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி.

பிறகு ஞாயிறு ஓவிய வகுப்பில் சேர்ந்தேன். போரைப் பார்த்த ஸ்பெயின் ஓவியர்களும் எக்ஸ்பிரஷனிஸ்ட் பாணி ஓவியர்களும் முகங்களை உடைத்து, கோணலாக்கி வரைந்த படங்களை ஆசிரியை காட்டினார். "கண்ணு பாக்கறத மட்டுமில்லீங்க, மனசு படற பாட்டையும் வரையலாமுங்க" என்றார். நான் அந்தக் கேட்டையும் எங்களையும் வரைந்தேன். முகத்தைவிடப் பெரிய வாய்கள், எல்லாமே அலறும் வாய்கள்.

வகுப்பின் கண்காட்சிக்கு மில்லின் பழைய மேனேஜர் வந்தார். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு யாருமே கத்தலீங்களே அம்மணி. இதைக் கழட்டிப்போடுங்க."

பழக்கதோஷம், என் கை படத்தை நோக்கி நீண்டது. படம் பார்க்க வந்திருந்த சரசா, மில்லில் என்னோடு வேலை பார்த்தவள், படத்திலிருந்த தன் வாயை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கையை இறக்கினேன்.

"கத்தலீங்க சார். அதனாலதான் வரைஞ்சேனுங்க. கழட்ட மாட்டேனுங்க."

அவர் போய்விட்டார். படம் சுவரிலேயே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவரிடம் மாட்டேன் என்று சொன்னேன். அதையும் மரியாதையாகத்தான் சொன்னேன்.