காமினே, காமினா

மலேசியாவில், நீலாயில் படித்தபோது ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம் என் அண்ணி. அண்ணன் கப்பலில் இன்ஜினியர். சிலி நாட்டில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வீடு எடுத்துவிட்டார். அண்ணிக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு மொழி வராது.

ஆசையையும் நம்பிக்கையையும் சொல்லும் வினை வடிவத்துக்கு வந்ததும் நான் திணறினேன். ‘ஆர்’ என்று முடியும் வினைகளுக்கு ‘ஏ’ வரவேண்டும். ‘ஏர்’, ‘ஈர்’ வினைகளுக்கு ‘ஆ’. அவன் பேசுகிறான் என்றால் ஆப்லா. அவன் பேசவேண்டும் என்று விரும்பினால் ஆப்லே. பரீட்சைக்கு உருப்போட்டு எழுதினேன், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து, பகாவ் பக்கத்து எஸ்டேட் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்த சமயம். அண்ணன் கப்பல் ஏணியிலிருந்து விழுந்து, முதுகில் ஆபரேஷன் நடந்தது. அண்ணி தினமும் போனில் பேசிப் பதிந்து அனுப்புவார்.

“நடக்குறானா இல்லையா, அத மட்டும் சொல்லு லா,” என்றார் அம்மா.

அன்றைய பதிவில் முதலில் ‘நடக்கிறார்’ என்றுதான் என் காதில் விழுந்தது. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு மறுபடி கேட்டேன். எஸ்பெரோ கே காமினே. நடக்கிறார் என்றால் வரும் காமினா இல்லை.

“இன்னும் இல்லம்மா. நடக்கணும்னு நம்பிக்கிட்டிருக்காங்க.”

அம்மா இயேசு படத்தின் முன் மண்டியிட்டார். “எம்புள்ள நடக்கட்டும் ஆண்டவரே. நல்லா சாப்பிடட்டும். எங்கிட்ட பேசட்டும்.” பின்னால் நின்ற எனக்குள் ஒவ்வொன்றும் ஸ்பானிஷில் தானாக ஓடியது: காமினே, கோமா, ஆப்லே. வகுப்பில் பிடிபடாதது அப்போதுதான் பிடிபட்டது.

சில வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் செய்தி வந்தது. அண்ணியின் குரல் அழுகையில் உடைந்தது. யா காமினா. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். ‘ஆ’தான்.

“அம்மா, அண்ணன் நடக்குறாரு.”

“நடக்கணுங்குறாளா, நடக்குறானா?”

“நடக்குறாரும்மா. கம்பியப் புடிச்சிக்கிட்டுத்தான். ஆனா நடக்குறாரு.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியே கதின்னு கெடந்திருக்கும். ரெஸ்ட் எடுக்கச் சொல்லு. சாப்பிடச் சொல்லு,” என்றார்.

போனை வாயருகே பிடித்து மெதுவாகச் சொன்னேன்: கியேரோ கே தெஸ்கான்செஸ். கியேரோ கே கோமாஸ். நீங்க ஓய்வெடுக்கணும், நீங்க சாப்பிடணும். எழுதிவைத்துப் படிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அண்ணி ஒரு படம் அனுப்பினார். ஆஸ்பத்திரித் தட்டில் ரொட்டியும் சூப்பும், பாதி காலி. அம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது போதுமா அவளுக்கு?” என்று கேட்டுவிட்டு, பசியாற எங்கள் இருவருக்கும் தோசை ஊற்றப் போனார்.